வெள்ளிக்கிழமை வரை செல்லும்

நாடுகள் எப்படி உடைகின்றன என்று என்னிடம் கேளுங்கள். ஒரு தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிப்பேன். பாகிஸ்தான் இரண்டானதையும், எதியோப்பியாவிலிருந்து எரித்திரியா பிய்த்துக்கொண்டு போனதையும், யூகோஸ்லாவியா சிதறியதையும் திகதியோடு சொல்ல என்னை விட்டால் இந்த லண்டன் லூயிஷாமில் வேறு ஆள் கிடையாது. கேட்பதற்கும் ஆள் கிடையாது என்பது வேறு கதை.

என் பெயர் அம்பலவாணன். வயது எழுபத்திரண்டு. ஆனால் ஒருகாலத்தில் நெடுநோக்கன் என்று சொன்னால்தான் லண்டனில் என்னைத் தெரியும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வானொலியில் 'நெடுநோக்கனின் களநிலை ஆய்வு' அரை மணித்தியாலம் போகும். தமிழ்க் கடைகளில் மரக்கறி நிறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நானோ வாழ்நாளில் ஒரு துவக்கைத் தொட்டதில்லை. கவுன்சில் அலுவலகத்தில் வாகனத் தரிப்பிட அனுமதிக்குக் கடிதம் அடித்து அனுப்புகிற வேலை. அந்த மேசையில் இருந்துகொண்டே வன்னியில் எந்தக் குளக்கட்டில் எந்தப் படை நிற்கிறது, எங்கே விட்டு எங்கே பிடிக்க வேண்டும் என்றெல்லாம் தீர்மானித்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. அப்போது பெருமையாக இருந்தது.

எனக்கு ஒரு வேலைமுறை இருந்தது. வன்னியிலிருந்து யார் அழைத்தாலும், சொந்தமோ பிறத்தியோ, தொலைபேசியோடு பொருத்தியிருந்த ரெக்கோடரை அழுத்திவிடுவேன். பிறகு கசற்றின் முதுகில் திகதியையும் ஊரையும் எழுதி, 'களத்தகவல்' என்று போட்டு அடுக்கி வைப்பேன். என் மனைவி சந்திரவதனாவின் தம்பி இராஜேந்திரன் கிளிநொச்சியில் இருந்தான். அவன் தன் மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னாலும் அதுவும் எனக்குக் களத்தகவல்தான். அங்கே மருந்து போகிறதா இல்லையா என்று அதிலிருந்து கண்டுபிடித்துவிடுவேன்.

என் ஆய்வுக்கு அடிப்படை டாக்கா. தேர்தலில் வென்றவர்களிடம் ஆட்சியைக் கொடுக்க மனமில்லாத அரசியல்வாதிகள், சொந்தச் சனத்தின்மேல் படையை ஏவிய தளபதிகள், களத்தில் தோற்றுக்கொண்டே மேலிடத்துக்கு நல்ல செய்தி மட்டும் அனுப்பிய அதிகாரிகள், இவர்கள் சேர்ந்துதான் பாகிஸ்தானை உடைத்தார்கள். எதிரி கடைசியில் வந்து தட்டிவிட்டதோடு சரி. கொழும்பும் அதே பாதையில்தான் போகிறது, ஆகவே இலங்கை உடைந்தே தீரும் என்று வாரா வாரம் சொன்னேன். ஊர் ஊராக விழுந்தபோது அது பின்வாங்கல் இல்லை, உள்ளே இழுத்து அடிக்கிற தந்திரம் என்றேன். சனம் நம்பியது. என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது. நாடு உடையவில்லை. உடைந்தது எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வானொலிக்காரர் அடுத்த சனிக்கிழமை எனக்கு அழைப்பு எடுக்கவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. முன்பு ஓடிவந்து கைகொடுத்தவர்கள் கோவிலில் என்னைக் கண்டால் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்தார்கள்.

என் மனைவி வதனா மட்டும் என்னோடு சண்டை பிடித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவள் பிடிக்கவில்லை. நேரத்துக்குச் சோறு வந்தது, உடுப்பு மடித்து வந்தது, 'மழை வரப்போகுது, குடையைக் கொண்டுபோங்கோ' என்ற அளவில் பேச்சும் வந்தது. தம்பியின் பெயரை மட்டும் அவள் என் முன்னால் எடுக்கவே இல்லை. பன்னிரண்டு வருடம் அப்படியே இருந்துவிட்டு நான்கு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. அதன்பிறகு இந்த மூன்றாம் மாடி வீட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் அது பிரிட்ஜ்தான்.

இந்த நிலையில்தான் அஜித்தா வந்தாள். இராஜேந்திரனின் மகள். தாயும் தகப்பனும் கடைசிச் சண்டையில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. வவுனியாவில் சின்னம்மா வளர்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்கு விசா எடுத்து வந்து, வால்தம்ஸ்டோவில் நான்கு பெண்களோடு ஓர் அறை எடுத்து இருக்கிறாள். புதன்கிழமை அவளுக்கு ஷிப்ட் இல்லை. ரயில், பிறகு டி.எல்.ஆர். என்கிற குட்டி ரயில் என்று மாறி மாறி ஏறி, ஒன்றேகால் மணித்தியாலம் பயணம் செய்து என்னைப் பார்க்க வருவாள். இடியப்பமும் சொதியும் கொண்டுவருவாள். என் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்து, "மாமா, ஞாயிற்றுக்கிழமையான் குளிசை அப்பிடியே கிடக்கு, ஆரை ஏமாத்துறியள்?" என்று அதட்டுவாள். எனக்கு அந்த அதட்டல் வேண்டும் என்பதற்காகவே சில நாட்களில் மாத்திரையைப் போடாமல் விட்டதுண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கிழமையில் ஒரு நாள்தான் இருந்தது. மற்ற ஆறும் அதற்குக் காத்திருக்கிற நாட்கள்.

போன மாசியில் ஒரு புதன்கிழமை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, அப்பாவின்ர குரல் உங்களிட்டை இருக்காமே?"

"ஆர் சொன்னது?"

"மாமிதான். சாகிறதுக்கு முதல் போனிலை சொன்னவா. 'உன்ர கொப்பற்ற குரல் மாமாட்டைக் கசற்றிலை கிடக்கு, லண்டனுக்கு வந்தால் கேட்டு வாங்கு' எண்டு. நான் இவ்வளவு நாளும் கேக்கப் பயந்து கொண்டிருந்தன்."

"தேடிப் பாக்கிறன் பிள்ளை. எங்கை கிடக்குதோ தெரியாது."

அது பச்சைப் பொய். எங்கே கிடக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அலுமாரியின் மேல்தட்டு, இடமிருந்து ஏழாவது கசற். 'கிளிநொச்சி, 7 ஒக்டோபர் 2008, களத்தகவல்.' இராஜேந்திரனின் குரல் வேறெந்தக் கசற்றிலும் மிஞ்சவில்லை. மற்றவற்றின்மேல் நானே வேறு அழைப்புகளைப் பதிந்துவிட்டேன். இதை மட்டும் அழிக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை.

வதனா இதை ஏன் அவளுக்குச் சொன்னாள் என்று அன்று முழுக்க யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருடம் அதைப் பற்றி வாய் திறக்காதவள், போகும்போது ஒரே ஒரு வசனத்தைச் சரியான இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மூன்று புதன்கிழமை சாக்குச் சொன்னேன். கசற் கிடைக்கவில்லை, கிடைத்தது ஆனால் போட்டுப் பார்க்க மெசின் இல்லை, மெசின் இருக்கிறது ஆனால் நாடா சிக்குகிறது. நான்காவது கிழமை அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கசற்றைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு றொஷானிடம் போனேன். றொஷான் மன்னார்ப் பையன் என்று நான் சொன்னாலும் அவனுக்கு நாற்பத்தைந்து வயது. கலியாண வீடு, தேவாலயத்தில் முதல் நன்மை எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறவன். பழைய கசற்றையும் கணினிக்கு மாற்றித் தருவான்.

அவன் கசற்றைப் போட்டான். இரைச்சலுக்குள்ளிருந்து இராஜேந்திரன் வந்தான்.

"அத்தான், கேக்குதோ? ராசன் கதைக்கிறன், கொமினிக்கேசன் கடையிலை நிண்டு. அக்கா சுகமோ? அஜித்தா இந்தமுறையும் வகுப்பிலை முதலாம் பிள்ளை, அக்காட்டைச் சொல்லுங்கோ. பள்ளிக்கூடம்தான் இப்ப மரத்துக்குக் கீழை."

சிரித்தான். நன்றாக, வாய்விட்டுச் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், ஒண்டு கேக்கவேணும். பிள்ளையின்ர தாய்க்கு வருத்தம் கடுமையாப் போச்சு. வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போக இயக்கம் பாஸ் தந்திருக்கு. பிள்ளை சின்னன் எண்டதாலை மூண்டு பேருக்கும் தந்திட்டினம். வெள்ளிக்கிழமை வரைதான் செல்லும். போனால் திரும்பி வாற எண்ணம் எனக்கில்லை. உடுப்பும் கட்டிப்போட்டன். ஆனா நீங்கள் எல்லாம் விளங்கின ஆள். உங்களைக் கேக்காமல் வெளிக்கிட மனம் வரேல்லை."

அடுத்தது என் குரல். சனிக்கிழமைக் குரல்.

"விசர்க்கதை கதையாதை ராசன். மாரி துவங்கட்டும், ஆமியின்ர டாங்கி எல்லாம் சேத்துக்குள்ளை தாழும். டாக்காவிலை என்ன நடந்தது? அதுதான் இஞ்சையும் நடக்கும். மார்கழி நத்தாருக்கு முதல் எல்லாம் தலைகீழாய் மாறும் பார். அங்காலை ஆமிப் பக்கம் போனால் உங்களை முகாமுக்குள்ளை அடைப்பாங்கள். பேசாமல் இரு."

"அங்கிள், பின்னாலை ஒரு பொம்பிளைக் குரல் கேக்குது," என்றான் றொஷான். சத்தத்தைக் கூட்டினான்.

வதனா. தூரத்தில், குசினி வாசலில் நின்று. "அவங்களை வரச் சொல்லுங்கோ. இஞ்சாருங்கோ, அவங்களை வெளிக்கிடச் சொல்லுங்கோ." அன்று நான் அவளைப் பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினேன். நாடாவில் கை தெரியாது. அவள் நிறுத்திவிட்டது மட்டும் தெரிகிறது.

பிறகு இராஜேந்திரன்.

"சரி அத்தான். நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

அத்தோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. நான் கேட்கிறேன்: "முறிகண்டிப் பக்கம் எத்தினை வாகனம் போகுது எண்டு பாத்தனியோ?"

"பாக்கேல்லை அத்தான். நாளைக்குப் பாத்துச் சொல்றன்."

நான்கு நிமிடம் பதினெட்டு விநாடி. அந்தச் சனிக்கிழமை வானொலியில், 'கிளிநொச்சியிலிருந்து எமக்குக் கிடைத்த களத்தகவலின்படி மக்கள் அசையாத உறுதியோடு இருக்கிறார்கள்' என்று வாசித்தேன். டாக்காவில் மேலிடத்துக்குப் பொய்யறிக்கை அனுப்பிய அதிகாரிகளைப் பற்றி அவ்வளவு பேசினேனே, அந்த வேலையை லண்டனில் இருந்துகொண்டு நானே செய்திருக்கிறேன். அவர்களுக்காவது உத்தியோகம் என்று ஒரு சாட்டு இருந்தது.

றொஷான் திரையைப் பார்த்தபடியே இருந்தான். நல்ல பிள்ளை, என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மரத்துக்குக் கீழை எண்டு சிரிக்கிறான்தானே," என்றேன். "அதோடை வெட்டித் தாரும் தம்பி."

"மிச்சத்தை அழிக்கவோ?"

வாய்வரை வந்தது 'ஓம்'. ஆனால் வதனாவின் குரலும் அந்த மிச்சத்துக்குள்தான் இருந்தது.

"வேண்டாம். ரெண்டையும் தாரும்."

அடுத்த புதன்கிழமை, முப்பத்தொரு விநாடி கொண்ட வெட்டிய பதிவை அஜித்தாவின் போனுக்கு அனுப்பினேன். அவள் இந்தச் சோபாவில் இருந்துதான் கேட்டாள். இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. தகப்பன் சிரிக்கிற இடத்தில் அவளுக்கும் உதடு விரிந்தது. தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். ஆறு நாள் காத்திருந்து ஏழாம் நாள் இடியப்பம் தின்கிற வாழ்க்கை எனக்கு மிஞ்சும் என்று நினைத்தேன்.

அவள் அதைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இளகேல்லை மாமா," என்றாள்.

"என்ன பிள்ளை?"

"மனம். அப்பாவின்ர குரலைக் கேட்டாலாவது இளகும் எண்டு நினைச்சன். இளகேல்லை." குரலில் அழுகை இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "அம்மா கடைசிச் சண்டைக்குள்ளை மாத்தளனிலை பங்கர்க் கிடங்குக்குள்ளை கிடந்து ரெண்டு நாள் இழுத்தவா. ரெண்டு நாளும் ஒரே கதைதான். 'பாஸ் கையிலை இருந்ததடி. உடுப்பும் கட்டி வைச்சது. உன்ர கொப்பர்தான் திடீரெண்டு வேண்டாம் எண்டு மறிச்சவர்.' அப்பாவும் அங்கைதான் இருந்தவர். ஒரு மறுமொழியும் சொல்லேல்லை. ஏன் மறிச்சனீங்கள் எண்டு நான் கேட்டன். பேசாமல் இருந்தார். அவர் செத்த பிறகும் நான் அழேல்லை மாமா. அம்மாவுக்கு மட்டும்தான் திவசம் செய்யிறனான். அவற்ற படம் வவுனியா வீட்டிலை சின்னம்மாட்டைக் கிடக்கு, நான் கேட்டு வாங்கேல்லை. இவ்வளவு சந்தோசமாச் சிரிக்கிற மனிசனுக்கு அம்மாவைக் காப்பாத்த மனம் வரேல்லையே எண்டு இப்ப இன்னும் கோவம்தான் வருது."

இராஜேந்திரன் என் பெயரைச் சொல்லவில்லை. செத்துக்கொண்டிருந்த மனைவி திட்டியபோதும் சொல்லவில்லை, பெற்ற பிள்ளை கேட்டபோதும் சொல்லவில்லை. 'லண்டனிலை அத்தான் இருக்கச் சொன்னவர்' என்ற ஒரு வசனம் போதும், பழி என்மேல் வந்திருக்கும். அவன் அதைச் சொல்லாமலே பங்கருக்குள் இருந்திருக்கிறான். பதினாறு வருடமாக இந்தப் பிள்ளை பிழையான ஆளை வெறுத்துக்கொண்டிருக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் புதன்கிழமை இல்லை. சொல்லாவிட்டால் செத்துப்போன ஒருவன் தன் மகளிடம் குற்றவாளியாகவே இருந்துவிடுவான். இந்த இரண்டையும் நான் உடனே எடைபோட்டுப் பார்த்து நல்ல பக்கம் சாய்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எழுந்து குசினிக்குப் போனேன். கேத்திலில் தண்ணீர் வைத்தேன். அது கொதித்து அடங்கிற்று. இன்னொரு முறை கொதிக்க வைத்தேன். அவள் எதுவும் அறியாதவள், இந்தக் கிழவனுக்குத் தேநீர் போடக்கூடத் தெரியவில்லை என்று எழுந்து வந்து என் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். "நீங்கள் போய் இருங்கோ மாமா, நான் போடுறன்," என்றாள். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அது முழுக்க இல்லைப் பிள்ளை," என்றேன். "நான்தான் வெட்டுவிச்சனான். முழுதும் இருக்கு."

நான்கு நிமிடம் பதினெட்டு விநாடியையும் அனுப்பினேன். அவள் குசினியிலேயே நின்றபடி, இம்முறை காதில் எதையும் மாட்டாமல், போனை மேடையில் வைத்து அழுத்தினாள். நான் வதனா அன்று நின்ற அதே வாசலில் நின்றேன். 'உடுப்பும் கட்டிப்போட்டன்' என்று இராஜேந்திரன் சொன்னபோது அவள் வாயைப் பொத்தினாள். என் குரல் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 'விசர்க்கதை கதையாதை', 'டாக்கா', 'பேசாமல் இரு' எல்லாவற்றையும் நான் அவள் கண் முன்னால் நின்று கேட்டேன். என் வாழ்நாளில் என் ஆய்வை அவ்வளவு கவனமாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. முறிகண்டி வாகனம் வந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துவிட்டேன்.

முடிந்ததும் அவள் திரும்பவும் போட்டாள். என் குரல் வருகிற இடத்தில் நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். மூன்றாவது தரம் 'போனால் திரும்பி வாற எண்ணம் எனக்கில்லை' என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள், நிலத்தில். அழுதாள். பதினாறு வருடத்து அழுகை. ஆனால் முகத்தைப் பார்த்தால் அது துக்கமாக இல்லை. தொலைந்த பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டுபிடித்த ஒருத்தியின் முகமாக இருந்தது.

"அப்பா போகத்தான் இருந்தவர்," என்றாள். என்னிடம் அல்ல.

பிறகு முகத்தைக் கழுவினாள். தேநீரை வடித்தாள், எனக்கு ஒரு கோப்பை மட்டும். சாப்பாட்டுப் பெட்டிகளைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தாள். அவை வழமையாக இங்கேயே கிடந்து அடுத்த கிழமை போகிறவை.

"மாமா, அப்பா ஏன் உங்கட பேரை எங்களுக்குச் சொல்லேல்லை?"

"மாமிக்காக இருக்கும். தெரிஞ்சால் தன்ர அக்கா என்னோடை வாழமாட்டா எண்டு யோசிச்சிருப்பான்."

"மாமிக்குத் தெரியும்தானே. அவவின்ர குரலும் கேக்குது."

"அது அவனுக்குத் தெரியாது பிள்ளை."

தலையசைத்தாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"குளிசையை ஒழுங்காப் போடுங்கோ," என்றாள். "நான் இனிப் புதன்கிழமையளிலை வரேலாது. வேறை ஷிப்ட் கேக்கப்போறன்."

"ஓம் பிள்ளை."

லிப்ட் வேலை செய்யவில்லை. அவள் படியால் இறங்கினாள். இரண்டாம் மாடிக்குப் போவதற்குள் போனை எடுத்துவிட்டாள். வெறும் சீமெந்துப் படிக்கட்டு, எல்லாம் எதிரொலித்து மேலே வந்தது.

"சின்னம்மா, அப்பா வெளிக்கிடத்தான் இருந்தவர். ஓம், அவற்ற வாயாலேயே கேட்டனான். உடுப்பும் கட்டினவராம். அப்பான்ர படத்தை எனக்கு அனுப்பிவிடுங்கோ, பெரிசாப் போடவேணும்."

கொஞ்ச நேரம் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கத்தில் சின்னம்மா என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் பெயர் வருவதற்காகக் காத்து நின்றேன்.

"ஆர் மறிச்சதெண்டோ?" என்றாள் அஜித்தா. காலடி நின்றது. "அது தெரியேல்லை சின்னம்மா. ஆரோ ஒராள். கசற்றிலை விளங்கேல்லை."

பிறகு கீழே வாசல் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.